கம்பளியும் மேற்குச் சுவரும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. வளர்த்தது ஐந்து பேரை. நாலு நான் பெத்தது, ஒருத்தன் தாய் இல்லாமல் போன என் கொழுந்தன் மகன். அவனுக்கும் மத்தவங்களுக்கும் சோத்துத் தட்டில் வித்தியாசம் காட்டினேன் என்று பேட்டையில் ஒருத்தரும் என்னைச் சொல்ல முடியாது. அஞ்சில் நாலு ஆம்பிளைகள். கடைசியாகப் பிறந்தது ஒரே ஒரு பொண்ணு. அவளுக்குக் குளிர் வந்ததைத்தான் இதில் எழுதுகிறேன்.

நான் படித்தது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். இருந்தாலும் நானே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கதையை என் மகளோட மாமியார், என் சம்பந்தியம்மா, கல்யாண வீடு சடங்கு வீடு ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவள் சொல்கிற கதையில் ஏசியைப் போட்டுப் பிள்ளையை நடுங்க வைத்தவள் நான். கம்பளியைப் போர்த்திக் காப்பாத்தினவள் அவள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறாள். நேரில் அவளை மைனி, வாங்க, இருங்க என்றுதான் கூப்பிடுவேன். இது என் எழுத்து. இதில் வெறும் அவள்தான்.

என் மகள் பூரிச்ச உடம்பு. சின்னதிலேயே அப்படித்தான். யாராவது குண்டு என்றால் அவளுக்குக் கண் கலங்கும், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். நான் போட்ட சோறு, நான் கிண்டின உளுந்தங்களி, நான் ஊத்தின நல்லெண்ணெய். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கூடிப்போச்சு. மூட்டு வலித்தது, சர்க்கரை வந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கடை மாடிப்படி ஏறினால் மேலே போய்ப் பேச வராது. அப்போதுதான் டாக்டர்கள் வயித்தைச் சின்னதாக்குகிற ஆப்பரேஷனைச் சொன்னார்கள்.

"வயித்தைச் சின்னதாக்குததுன்னா, அது என்ன பாவாடையா, பிடிச்சுத் தைக்கதுக்கு" என்று கேட்டேன்.

"அப்படித்தாம்மா செய்யுதாங்க" என்றாள்.

பேச்சு அதோடு முடிந்தது. செய்துகொள்வது என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்கு வேறொரு யோசனை இருந்தது. எங்க பக்கம் பிள்ளை பெத்த பொண்ணு தாய் வீட்டில்தான் கிடக்கணும். பேத்தி பிறந்தபோது அவளும் இங்கேதான் கிடந்தாள். வயித்தில் கத்தி வைத்தால் அதுவும் அதே கணக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அவர் அம்மா விடவில்லை.

"பிரசவம்னா சரி மைனி. இதுல பிள்ளை எங்க?"

"பிள்ளைதான் வருதே. என் பிள்ளை" என்றேன்.

அவள் என் மகள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரைக்கும் மாஞ்சோலையில் இருந்தவள். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தேயிலை கிள்ளினது எல்லாம் அந்த மலையில்தான். எஸ்டேட்டை மூடி ஆட்களை எல்லாம் கீழே இறக்கினபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு மகன் வீட்டுக்கு வந்தாள். பாவம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை வண்ணார்பேட்டை வீடு என்னோட ராஜ்ஜியம். நினைத்தபோது பேட்டையில் பஸ் ஏறுவேன், ஆத்துப் பாலம் தாண்டி இறங்குவேன், நேரே அடுப்படிக்குப் போய்க் குழம்பைத் திறந்து பார்ப்பேன். அவள் வந்த பிறகு நான் போனால் காபி போட்டு நீட்டுகிறாள். என் மகள் வீட்டில் நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் பேத்தி அவளை மலையாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அடையாளம் தெரியணும் என்று எனக்கும் ஒரு பேர் வைத்தாள், கீழாச்சி. எனக்கு அது பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளை வைத்த பேர், என்ன சொல்ல.

எங்க வீட்டு மச்சு ரூமைப் பற்றிச் சொல்லணும். என் வீட்டுக்காரர் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்துக் கட்டினது. மேற்கே ஒரு பெரிய சுவர், ஜன்னல் கிடையாது. பகல் முழுக்கப் பேட்டை வெயிலைக் குடித்துவிட்டு சாயங்காலம் கக்கும். சொந்தக்காரர் யார் வந்தாலும் அங்கே படுக்க மாட்டார்கள். மகள் கல்யாணத்தன்று சம்பந்தியம்மாவுக்கு மரியாதையாக அந்த ரூமைத்தான் ஒதுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தலகாணியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "என்ன மைனி, என்னைச் சட்டியில போட்டு வறுக்கப் பாத்தீயளா" என்றாள். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

என் மகளும் அந்த வெக்கைக்குப் பயந்தே தங்க வராமல் இருந்தாள். "யம்மா, ஒன் வீட்டுக்கு வந்தா நான் வெந்துபோவேன்" என்பாள். அதனால் ஆப்பரேஷன் தேதி குறித்ததுமே கூட இருக்கிற மகனிடம் சொல்லி மச்சு ரூமில் ஏசி மாட்டினேன். எங்க தெருவில் முதல் ஏசி இல்லை, ஆனால் பெரிய ஏசி. ஆப்பரேஷன் முடிந்து ஆவணி மாசம் அவள் வந்து இறங்கினதும் நானே ரிமோட்டை அமுக்கிக் காட்டினேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. மணிக்கொரு தரம் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் சூப்பு, அவ்வளவுதான் அவளுக்குச் சாப்பாடு. ஐந்து பேருக்கு ஆக்கிப் போட்ட கைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தை நிரப்பக்கூட வேலை இல்லை. அதனால் மிச்ச அன்பை எல்லாம் ஏசியில் காட்டினேன். நல்லாக் குளிரட்டும் என்று குறைத்துக் குறைத்து வைத்தேன். உடம்பு கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு நாள் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்தாள். அடுத்த நாள் என் சேலையை எடுத்து அதுக்கு மேல் போட்டாள்.

"என்னட்டி, குளுருதா?"

"இல்லம்மா, சும்மாதான்."

நான் ஆசையாக மாட்டினது என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பார்க்க வந்தார்கள். அவள் ரூமுக்குள் நுழைந்ததும் ஏசியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே கட்டில் காலுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, என் மகள் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"மைனி, பிள்ளை காலு ஐஸா இருக்கே. நகம் நீலம் பாரிச்சிருக்கு. நீங்க பாக்கலையா?"

பையிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்தாள். எஸ்டேட்டில் மழைக்கும் பனிக்கும் போர்த்தினது, பழசாகித் தேய்ந்து துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. என் மகளைச் சுத்தி, காலுக்கு அடியில் மடித்துவிட்டாள். என் மகள் கண்ணை மூடி "அப்பாடா, அத்தை" என்றாள். தாய் வீட்டில் கிடந்துகொண்டு, என் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பாடா அத்தை.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காரில் ஏறும்போது மகள் என் கையைப் பிடித்து, "கொஞ்ச நாள்தாம்மா, குளுரு விடட்டும், வாரேன்" என்றாள். சரி என்றேன். மேலே போய் அந்தக் காலி ரூமில் ஏசியை நிறுத்தினேன்.

குளிர் விடவில்லை, நாளுக்கு நாள் கூடினது. ஐப்பசி மழை வந்ததும் ஸ்வெட்டர், காலுறை, காதில் துணி. வண்ணார்பேட்டை வெயிலில், புழுக்கத்தில், அத்தனை பஸ் புகைக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் ஸ்வெட்டரோடு நடந்து போவாள். கடைக்குள் ஏசி வேறு. பில் போட வருகிறவர்கள் "என்னக்கா, கொடைக்கானல் போறீயளா" என்று கேட்பார்களாம். முன்னெல்லாம் ஆத்தில் இறங்கினால் கரையேற மாட்டாள். இப்போது குளியலுக்கு வெந்நீர், அதுக்கும் நடுக்கம்.

டாக்டரம்மாவிடம் போனபோது நானும் கூடப் போனேன். விட்டுக்கொடுப்பேனா. சம்பந்தியம்மாவும் வந்தாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான், நடுவில் ஸ்வெட்டர் போட்ட என் மகள்.

"பயப்படாதீங்க. கொழுப்புதான் உடம்புக்குப் போர்வை, அது கரைஞ்சிட்டு வருது. சாப்பாடும் கொஞ்சமாத்தான் உள்ள போகுது, அதனால உடம்பு சூட்டைச் சிக்கனமாச் செலவழிக்குது. இரும்புச் சத்தும் குறைஞ்சிருக்கு, மாத்திரை எழுதுறேன். நிறையப் பேருக்கு இது வரும், போகப் போக உடம்பு பழகிக்கிடும்" என்றார் டாக்டரம்மா.

சம்பந்தியம்மா எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டினாள். எனக்கு ஒன்றுதான் மனசில் ஓடினது. அந்தப் போர்வையை அவளுக்குப் போட்டது யாரு? பிடி பிடியாக, வருஷக் கணக்காக, நான் போட்டது. அதைக் கழட்டிவிட்டு இன்னொருத்தி ஒரு கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து போட்டுப் பேர் வாங்குகிறாள்.

"மாத்திரை போட்ட கையோட டீ குடிக்கக் கூடாது, சத்து ஒட்டாது" என்று டாக்டரம்மா கடைசியாகச் சொன்னார். சம்பந்தியம்மாதான் பொழுதுக்கும் இஞ்சி தட்டிப் போட்டுப் பால் இல்லாமல் டீ கொடுக்கிறவள். நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மாசம் முழுக்க எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஆனால் டீயை நேரம் மாத்திக் கொடுக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும். நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவள் என் மகள் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள், மலையில் பனி எப்படி இறங்கும், எஸ்டேட் லைன் வீட்டில் யாரெல்லாம் ஒரே அடுப்பைச் சுத்தி உட்காருவார்கள் என்று கதை சொல்லுவாள். என் மகள் சிரிப்பாள். குளிரைப் பற்றி நான் என்ன பேச? எனக்குத் தெரிந்த குளிர் மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போகும்போது காதில் படுமே, அதுதான். கிளம்பும்போது மகளைக் கட்டிப் பிடித்தால் தலையில் கம்பளி வாசம், அதில் ஊறின மலை விறகுப் புகை வாசம். நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த தலையில் அடுத்தவ வீட்டு வாசம்.

பொங்கல் வந்தது. தாய் வீட்டுப் பொங்கப்படி என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு மாமியாரும் பங்குக்கு வர முடியாது. ஒவ்வொரு வருஷமும் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, வாழைத்தார் என்று ஆட்டோ நிறைய இறக்குவேன், தெரு பார்க்கும். இந்த வருஷம் வெல்லத்தை யாருக்குக் கொண்டுபோக? ஆப்பரேஷனுக்குப் பிறகு இனிப்பு ஒரு வாய் போனால் அவளுக்கு நெஞ்சு படபடத்து வேர்த்துவிடும். கரும்பைக் கடிக்க மாட்டாள், சோறு மூணு கரண்டி. சாப்பிடாத மகளுக்கு ஒரு தாய் எதைச் சுமந்துகொண்டு போவாள்? யோசித்து யோசித்து, மகனைக் கூட்டிக்கொண்டு போய் கடையிலேயே பெரிய கம்பளியாக வாங்கினேன். ரெட்டைக் கம்பளி, நடுவில் புலிப் படம், நல்ல கனம். வழக்கமான சாமானுக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற மாதிரி அதை வைத்து இறக்கினேன்.

மகள் ஆசையாகத்தான் போர்த்திப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், "யம்மா, கோவிச்சுக்கிடாத. நெஞ்சு மேல ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். பேத்தி அதை எடுத்து நாற்காலி மேல் போட்டு வீடு கட்டி விளையாடப் போய்விட்டாள்.

சம்பந்தியம்மா கம்பளியைத் தடவிப் பார்த்தாள். "புலி நல்லா இருக்கு மைனி. நாங்க மலையில நிசத்தையே பாத்திருக்கோம். இந்த மாதிரிச் சிரிக்காது."

"ஊர்ப் புலி மைனி, மரியாதை தெரிஞ்சது" என்றேன். வாய்க்குச் சரியாகச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாலம் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் தூசியா என்று கேட்டாள். ஆமா என்றேன்.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. வெயில் ஏற ஏற அங்கே வேறொரு கூத்து. வண்ணார்பேட்டை வீடு கீழ்த்தளம், மூணு பக்கமும் பெரிய கட்டடம், வெயில் எட்டிப் பார்க்காது. என் மகளுக்கு அந்தத் தரை இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது. மலையில் இருந்து வந்தவளுக்கோ அதே வீடு வெந்தது. அவள் பேனை முழுசாக வைப்பாள், என் மகள் போய்க் குறைப்பாள், அவள் திரும்பக் கூட்டுவாள். பேத்தி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

"மலையாச்சி பேனுக்கு நேர கீழ படுத்துக்கிடுதாங்க, அம்மா அடுப்படியில போயி உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரும் பேசலை."

"அப்படியாட்டி, பாவம்" என்று குரலை இறக்கிச் சொன்னேன். போனை வைத்ததும் எனக்கு வயித்தில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இன்னொரு காபி போட்டுக் குடித்தேன்.

ஒரு நாள் கடையில் என் மகளுக்கு வார லீவு. அன்றைக்குப் பேத்தியோட பிறந்த சர்டிபிகேட்டை எடுக்க வந்தாள், அது எங்க மச்சு ரூம் பீரோவில்தான் கிடந்தது. மாசாமாசம் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். ஏசியும் இல்லை, பேனும் இல்லை. "மேல வேக்காடா இருக்கும், எடுத்திட்டு உடனே இறங்கிரு" என்று நான்தான் சொன்னேன். மேலே போனவள் போனவள்தான். கூப்பிட்டேன், பதில் இல்லை. மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு பைய ஏறினேன்.

மேற்குச் சுவரில் முதுகை ஒட்டி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் கழட்டிப் பக்கத்தில் கிடந்தது. காலுறை கிடந்தது. தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். நான் கிட்டப் போய் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டேன். அத்தனை மாசத்தில் முதல் தடவை, சூடு. அடுப்பில் இருந்து இறக்கின பாத்திரத்தைச் சுத்தி ஒரு சூடு நிற்குமே, அந்த மாதிரி மிதமான சூடு. உள்ளங்கையை எடுக்கவே எனக்கு மனசில்லை. ரூம் கொதித்தது. எனக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்து ஊத்தி ரவிக்கை ஒட்டிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

வெளிச்சம் மங்கும்போது கண்ணை முழித்தாள்.

"ஒனக்கு வேக்கலையாம்மா?"

"எனக்கென்ன. நான் இங்கனயே கிடந்தவதானே."

"வாரா வாரம் லீவுக்கு வரட்டா? இந்தச் சுவருகிட்ட மட்டும் உக்காந்திட்டுப் போறேன்."

கிடந்த காலுறையை எடுத்து உதறி மடித்தேன். "ஒங்க அப்பா கட்டின சுவருட்டி. கேக்கணுமா" என்றேன்.

வந்தாள். வாரா வாரம் வந்தாள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ரெண்டு பேரும் துணிமணியோடு வந்து தங்கினார்கள், இங்கிருந்தே கடைக்கு பஸ்ஸில் போய் வந்தாள். நான் காலையில் கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சி, மீனை ஆவியில் அவித்துக் கொடுப்பேன். அவள் கிண்ணத்துக்கு எவ்வளவு என்று இப்போது எனக்கு அளவு தெரியும். சாயங்காலம் கடையில் இருந்து வந்ததும் நேரே மேலே, சுவரில் முதுகு. கல்யாணத்தில் சிரித்தவர்கள் எல்லாம் வந்து பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

வந்தாளே. சம்பந்தியம்மாவே வந்தாள். சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், முகம் சிவந்துபோய் இருந்தது. பையில் அந்தக் கறுப்புக் கம்பளி. "பிள்ளை இதை மறந்திட்டு வந்திட்டா மைனி, குளுருமே" என்றாள். மேலே கூட்டிக்கொண்டு போனேன். ரூமுக்குள் வந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், விசிறினாள், திரும்பத் துடைத்தாள். என் மகள் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்துச் சிரித்து, "இருங்க அத்தை" என்று பக்கத்தில் இடம் காட்டினாள். அவள் சுவரில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"மைனி, அந்த ஏசியக் கொஞ்சம் போடுங்களேன். எனக்கு மூச்சு முட்டுது."

"அது ரிப்பேரு மைனி" என்றேன்.

என் பேத்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ரிமோட் என் தலகாணிக்குள் இருப்பது அவளுக்குத் தெரியும். நான் கண்ணைக் காட்டினேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை, என் ரத்தம்.

பிறகு அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போய், பேனுக்கு நேரே நாற்காலியைப் போட்டு, நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தேன். எலுமிச்சம்பழம் ரெண்டாகப் பிழிந்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த இருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"காலு சூடா இருக்கு மைனி, தொட்டுப் பாத்தேன்" என்றாள், மெதுவாக.

"சுவரு" என்றேன்.

"ஆமா, சுவரு."

இன்னொரு டம்ளர் கலந்து கொடுத்தேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு பஸ் ஏத்திவிட்டேன்.

கம்பளியை விட்டுவிட்டுப் போனாள். மகள் அதைப் போர்த்துவது இல்லை. ஆனால் மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறாள். புலிக் கம்பளியை மடித்து வைத்துப் பார்த்தேன், ராத்திரியில் அதைத் தள்ளிவிட்டுக் கறுப்பையேதான் இழுத்துக்கொள்கிறாள். இதை எழுதும்போதும் அந்தக் கறுப்பு என் கண்ணில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்தால் ரெண்டு பேரும் வண்ணார்பேட்டைக்குப் போவார்கள். குளிர் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறாள். அது முழுசாக விட்டுவிட்டால் சுவருக்கு வருவாளா என்று எனக்கு ஒரு நினைப்பு வரும். சாமியிடம் குளிர் விடணும் என்றுதான் வேண்டுகிறேன். கொஞ்சம் பைய விடட்டும் என்றும் வேண்டுகிறேன்.

ஏட்டி, இங்கன வா. விளையாண்டது போதும். கண்ணாடியைப் போட்டாலும் என் எழுத்து எனக்கே தெரிய மாட்டேங்குது. மொதல்ல இருந்து வாசி, சத்தமா வாசி, மேல அம்மாவுக்குக் கேக்கட்டும். கீழாச்சின்னு வருத இடத்துல சிரிக்காத. அந்த ஏசி ரிப்பேருன்னு சொன்னேம்லா, அந்த இடத்தை மட்டும் ஒன் மலையாச்சி வந்திருக்கும்போது வாசிச்சிராத. சரி, வாசி.